சோக்கை இழுத்தால் ஓடிய ஸ்கூட்டர்

அந்தப் பழைய ஸ்கூட்டரை ஓட்டியது நான். ஆனால் பெரம்பலூர் மெக்கானிக், நான் பக்கத்திலேயே நின்றாலும், என் வீட்டுக்காரரிடம்தான் பேசுவார். "மைலேஜ் எவ்ளோ குடுக்குது சார்?" என்பார். தினமும் பஸ்ஸில் ஆபீஸ் போகிற மனுஷரும் கூசாமல் பதில் சொல்வார்.

நான் கிராமத்து நர்ஸ். தடுப்பூசிப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே கீழப்பழுவூர், விக்கிரமங்கலம் என்று சுற்றுவேன். அந்தக் கோடையில் கடைசியாக சர்வீஸ் விட்டு எடுத்த பிறகு, வண்டி மெதுவாகப் போனாலே நின்றுவிட ஆரம்பித்தது. கீழப்பழுவூர் டீக்கடை எதிரே இருக்கும் வேகத்தடையில் தவறாமல் நிற்கும். கிக்கரை உதைத்து உதைத்துக் கெண்டைக்கால் வீங்கியது. பெஞ்சில் இருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"பொம்பள கைக்கு வண்டி படியல" என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடத்துக்காரர் ஒருவர் வண்டி பார்க்க வருகிறார், இனி பஸ்ஸில் போ என்றார் வீட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸே போகாத தெருக்களுக்கு யார் பின்னால் தொற்றிக்கொண்டு போவது?

சனிக்கிழமை வீடு திரும்பும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பெட்ரோலைக் கூடுதலாக விடுகிற சோக்கை இழுத்து வைத்தால் ஓடுகிறது, தள்ளினால் நிற்கிறது. அப்படியென்றால் வண்டி கேட்பது பெட்ரோல். என் கையில் ஒரு கோளாறும் இல்லை.

மெக்கானிக் என்னைக் கண்டுகொள்ளாததில் ஒரு வசதி இருந்தது. அவர் செய்வதையெல்லாம் நின்று பார்த்திருக்கிறேன். ஞாயிறு காலை, பின்பக்க ரப்பர் மூடியைக் கழற்றி நீள ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டேன். பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ அங்கேதான் இருக்கும். முடுக்கினால் பெட்ரோல் குறையும். அவர் முழுக்க முடுக்கிவிட்டு ஒன்றரைச் சுற்று தளர்த்தி விடுவார். இது முக்கால் சுற்றுகூட இல்லை. யார் முடுக்கச் சொன்னது என்று கேட்டேன்.

"மைலேஜ் வரட்டும்னு நான்தான் சொன்னேன்" என்றார் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

ஒரு மாதம் ரோட்டில் அவமானப்பட்டது நான். ஒன்றரைச் சுற்றுக்குத் திருப்பி, வண்டியைக் கிளப்பிச் சூடாக்கி, சத்தம் சீராகும்வரை நூல் நூலாகச் சரிசெய்தேன். சோக்கைத் தள்ளினேன். நிற்கவில்லை.

ஆண்டிமடத்துக்காரர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. இன்றைக்கே எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அவரும் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் சாவியை உருவிக்கொண்டேன். "ஓட்டறது நான். என்னையக் கேளுங்க. விக்கறதா இல்ல."

அவர் போனபிறகு, மைலேஜ் குறையுமே என்று வீட்டுக்காரர் முனகினார்.

"பெட்ரோல கொஞ்சம் குடிச்சிட்டுப் போவுதுங்க. ரோட்டுல நிக்கறது நான்தானே."

புதன்கிழமை டீக்கடை எதிரே வேகத்தடை வந்தது. வேண்டுமென்றே ஆமை வேகத்தில் ஏறி இறங்கினேன். பெஞ்சில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே.