மெனுவில் இருந்த வரி

என் மடிக்கணினியைத் திறந்தால் முதலில் கறுப்புத் திரையில் ஒரு மெனு வரும். அதன் உச்சியில் என் மனைவி ஒரு வரி அடித்து வைத்திருந்தாள். "சாப்டாச்சா? இல்லன்னா எந்திரிங்க." அந்த மெனுவுக்குத் தமிழ் எழுத்து வராது, ஆங்கில எழுத்தில்தான் அடித்திருந்தாள். பத்து வினாடி நிற்கும். பிறகு கணினி தானாகக் கிளம்பிவிடும்.

அவள் காரைக்காலில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்தவள். நான் கொம்யூன் பஞ்சாயத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஹார்டு டிஸ்க் செத்துப்போன இந்த மடிக்கணினியைத் தூக்கிப்போட மனசு வராமல், ஒரு பென் டிரைவில் மிகச் சிறிய இயங்குதளம் ஒன்றை ஏற்றி எனக்காகப் பிழைக்க வைத்தாள். மொத்தமும் பென் டிரைவிலிருந்து நினைவகத்துக்கு ஏறி ஓடும். சாப்பாட்டை ஆற விட்டுவிட்டு நான் கணினி முன் உட்கார்ந்துவிடுவேன் என்பதால் அந்த வரி.

அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. புடவைகளை அவளுடைய தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். என்னைப் பார்த்துப் பேசுகிற மாதிரி வீட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு வரிதான். காலையில் மெனு வந்ததும் "ஆச்சு, ஆச்சு" என்பேன். பாதி நாள் அது பொய். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அன்றைக்கு நான் பேசும் முதல் பேச்சு அதுதான். மழைக்காலத்தில் சில நாள் அதோடு சரி.

சென்ற வருடம் பிரவுசர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. எந்தத் தளத்துக்குப் போனாலும் "புதுப்பியுங்கள்" என்று விரட்டினார்கள். புதுப் பிரவுசரோ பழைய இயங்குதளத்தில் ஏற மாட்டேன் என்றது. காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கணினி பழுது பார்க்கிற பாய் ஒருவர் இருக்கிறார். திருமலைராயன்பட்டினத்துக்காரர், வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"நீங்களே பண்ணிடலாம் சார். மூணு ஃபைலுதான். கெர்னல்ங்கிற அடிப்படை ஃபைலு ஒண்ணு, கிளப்பி விடுற சின்ன ஃபைலு ஒண்ணு, சிஸ்டம் மொத்தமும் இருக்குற பெரிய ஃபைலு ஒண்ணு. பழைய மூணையும் நகல் எடுத்து வச்சிட்டு, புதுசை அது மேல போடுங்க. மத்தது எதையும் தொடாதீங்க."

"மெனு போயிடாதே, பாய்?"

"அது தனி ஃபைலு சார். அது பாட்டுக்குக் கெடக்கும்."

வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றையும் நகல் எடுத்தேன். புதிய தொகுப்பை இறக்கித் திறந்தால் உள்ளே ஆறு கோப்புகள் இருந்தன.

முப்பது வருடம் எழுத்தராக இருந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. மேலிடத்து உறையில் ஆறு தாள் வந்தால் ஆறையும் கோப்பில் சேர்த்தால்தான் தூக்கம் வரும். மூன்றை மட்டும் சேர்த்துவிட்டு மூன்றை மேசையில் விட்டவனைத் தணிக்கைக்காரர்கள் உரித்துத் தோரணம் கட்டுவார்கள். பாய் சொன்னது காதில் இருந்தது. இருந்தும் மிச்ச மூன்றைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. ஆறையும் சேர்த்துப் பென் டிரைவுக்கு அனுப்பினேன். 'ஏற்கெனவே உள்ளது, மாற்றவா?' என்று கணினி கேட்டது. 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று அழுத்தினேன். நல்ல காரியம் செய்த திருப்தி வேறு.

மறுபடி கிளப்பினேன். கறுப்புத் திரை வந்தது. மெனு வந்தது. உச்சியில் இயங்குதளத்தின் பெயரும் புதிய பதிப்பு எண்ணும் இருந்தன. ஐந்தே வினாடி. கணினி முன்னைவிட வேகமாகத் திறந்துகொண்டது. நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அந்த மிச்ச மூன்றில் ஒன்று மெனுக் கோப்பு. முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு மெனுக் கோப்பைத் திறந்து அந்த வரியை நானே அடித்தேன். வினாடியைப் பத்தாக்கினேன். மறுபடி கிளப்பிப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து அதேதான், அதே இடம். கணினிக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. "சாப்டாச்சா" என்று என்னை நானே கேட்டுக்கொள்ள எனக்கு என்ன கிறுக்கா? அழித்துவிட்டேன்.

பாய்க்குப் போன் பண்ணினேன். பழைய மெனுக் கோப்பை மீட்க வழி உண்டா என்று கேட்டேன்.

"நகல் எடுத்தீங்கள்ல சார்?"

"நீங்க சொன்ன மூணை மட்டும் எடுத்தேன்."

"அது மேலயே புதுசு ஏறிடுச்சுன்னா கஷ்டம் சார். ஆனா மெனு எழுத்துதானே, பெரிய விசயம் இல்ல. என்னா எழுதியிருந்துச்சுன்னு சொல்லுங்க. நானே அடிச்சு அனுப்பிடுறேன்."

அவர் நல்ல மனுஷர். என் வாய் வரை வந்துவிட்டது. அந்த வரி அவளுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்தது. சொல்லியிருந்தால் அதைத் தெரிந்தவர்கள் மறுபடி இரண்டு பேர் ஆகியிருப்போம். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

"ஞாபகம் இல்ல பாய்" என்றேன்.

"அப்ப ஒண்ணும் முக்கியமா இருந்திருக்காது. விடுங்க" என்றார் அவர். "சிஸ்டம் இப்ப நல்லா ஓடுதுல்ல?"

"நல்லா ஓடுது" என்றேன்.