எடை மேடை ரேணுகாவும் ஏழு சென்டிமீட்டர் கட்டியும்

மதுராந்தகத்தில் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் ஒரு ரைஸ் மில்லில் ரேணுகாவுக்கு எடை மேடை வேலை. ஒன்பது வருடமாக அதே நாற்காலி. நெல் லாரி மேடையில் ஏறி நின்றால் மற்றவர்கள் கம்ப்யூட்டரைப் பார்ப்பார்கள். இவள் எழுந்து வெளியே போய் லாரியைச் சுற்றி வருவாள். தார்ப்பாயைத் தூக்குவாள், கேபினுக்குள் எட்டிப் பார்ப்பாள், பின்னால் கட்டியிருக்கும் டிரம்மைத் தட்டுவாள். சரக்கோடு நிறுக்கும்போது டிரம் நிறையத் தண்ணீர் இருக்கும். நெல்லை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது தண்ணீர் இருக்காது. அந்தத் தண்ணீரின் எடையெல்லாம் நெல் கணக்கில் ஏறிவிடும். பெஞ்சமின் என்ற டிரைவர் இப்படி இருநூறு லிட்டரோடு அவளிடம் மாட்டி, மில் வாசலில் எல்லார் முன்னாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வீட்டிலும் அதே கண்தான். கடையில் வாங்கிய தக்காளியை வீட்டுத் தராசில் இன்னொரு முறை நிறுப்பாள். புருஷன் மோகன் கம்பெனி வேன் ஓட்டுகிறான். அவன் தாமதமாக வந்தால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேன் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவாள். அவன் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவான். அப்படி ஒரு நல்ல மனுஷன் கிடைத்ததே அவளுக்கு ஒரு சந்தேகம்.

கல்யாணமாகி ஐந்து வருடம், வயது முப்பத்தொன்று, குழந்தை இல்லை. மாமியார் சரோஜா கொஞ்ச நாளாக அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்தியிருந்தாள். கேட்டபோது எரிச்சலாக இருந்தது, நிறுத்தியதும் பயமாகிவிட்டது. மகனுக்கு வேறு ஏதாவது ஏற்பாடு பண்ணுகிறாளோ என்று ரேணுகா நினைத்தாள். அதனால்தான் யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் லீவு போட்டு, செங்கல்பட்டில் டாக்டர் வரலட்சுமியிடம் தனியாகப் போனாள்.

அங்கே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். முதலில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாள். ஸ்கேன் முடிந்து டாக்டர் சொன்னது: இடது சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது, ஏழு சென்டிமீட்டர்.

பயப்பட வேண்டாம் என்றுதான் அந்த அம்மாள் ஆரம்பித்தார். சின்னக் கட்டி பல பெண்களுக்கு வரும். ரெண்டு மூணு மாதவிடாயில் தானாகக் கரைந்துவிடும். இது கொஞ்சம் பெரிசு. உள்ளே தண்ணீர்தான் தெரிகிறது, கெட்டது எதுவும் தெரியவில்லை. ரெண்டு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாம், வளர்ந்தால் ஆபரேஷனைப் பற்றி அப்போது யோசிக்கலாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, பேனாவை மூடாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் மறந்துடாதம்மா. அடிவயித்துல ஒரு பக்கமா திடீர்னு வலி வந்து, கூடவே வாந்தியும் வந்தா, சினைப்பை முறுக்கிக்கிட்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்னுடும். வலி நடுவுல குறைஞ்சாலும் நம்பிடாத. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

அதையே சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். ரேணுகா தலையாட்டினாள்.

பஸ்ஸில் வரும்போது மூளை வேலை செய்யத் தொடங்கியது. ஒரு லிட்டர் தண்ணீரை உள்ளே அனுப்பியவர்களும் இவர்கள்தான், உள்ளே தண்ணீர்ப் பை இருக்கிறது என்பவர்களும் இவர்கள்தான். டிரம்மை நிரப்பிவிட்டு எடை போடுகிற அதே வேலை! ஒன்பது வருடமாக இதைப் பிடிக்கிறவளிடமேவா? போதாக்குறைக்கு அக்காள் சகுந்தலா கதை வேறு. எங்கேயோ ஒரு நர்சிங் ஹோமில் கட்டி என்று சொல்லி அவள் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்கவே வேண்டாம் என்று பிறகு இன்னொரு டாக்டர் சொன்னார். ரேணுகாவின் சந்தேகம் ஒன்றும் காற்றில் முளைத்ததல்ல.

அடுத்த வாரம் வேறொரு ஸ்கேன் சென்டருக்குப் போனாள். இந்தத் தடவை ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. அங்கிருந்த பெண், மூத்திரப்பை காலியாக இருந்தால் சரியாகத் தெரியாது, தண்ணீர் குடித்துவிட்டு வாங்க என்றாள். ரேணுகாவுக்கு அது போதும். உள்ளே தண்ணீர் இல்லையென்றால் கட்டியும் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். டாக்டர் சீட்டை மடித்து மில் டிராயரில் போட்டாள். செங்கல்பட்டு போய்வந்தது மோகனுக்குத் தெரிந்து கேட்டபோது, "எல்லாம் நல்லா கீதுன்னாங்க" என்றாள். கட்டி என்ற வார்த்தை மாமியார் காதுக்குப் போய்விடக் கூடாதல்லவா.

தை மாத அறுவடை. மில் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. காலை ஒன்பதரைக்கு இடது அடிவயிற்றில் சுரீரென்று பிடித்தது. ரேணுகாவுக்கு டாக்டர் சொன்னது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் வந்தது. வந்ததும் கோபம்தான் வந்தது. முன்கூட்டியே பயமுறுத்தி வைத்தால், சாதாரண வலிக்கும் பயந்து ஓடி வருவோம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். சோடா வாங்கிக் குடித்தாள். பதினோரு மணிக்கு வலி குறைந்தது. நான் சொல்லவில்லையா, வாயு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நான்கு லாரிகளுக்கு எடை போட்டாள்.

ரெண்டு மணிக்கு வலி திரும்ப வந்தது. வாந்தி எடுத்தாள். அப்போதும் வெளியே சொல்லவில்லை. நான்கு மணிக்கு பெஞ்சமின் லாரியை மேடையில் ஏற்றி, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். அவள் தரையில் சுருண்டு கிடந்தாள், முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆட்டோவைக் கூப்பிட்டு வருகிறேன் என்றான். அதெல்லாம் வேண்டாம், முதலில் டிரம்மைத் திறந்து காட்டு என்றாள். இந்தச் சாக்கில் எடையை ஏமாற்றப் போகிறான் என்றுதான் அந்த நிலையிலும் தோன்றியது.

"எவ்ளோ வேணா நீயே எழுதிக்கக்கா. உசுரு முக்கியமா, நெல்லு முக்கியமா?"

அவளை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனதும், வழியிலேயே மோகனுக்கு போன் போட்டதும் அவன்தான். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது ஆறரை மணி.

கண் விழித்தபோது வார்டில் சத்தம் கேட்டது. மோகன் பெண் டாக்டர் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். கட்டி இருந்த சினைப்பை மூணு சுற்று முறுக்கிக் கறுத்துப் போயிருந்தது, அவிழ்த்துப் பார்த்தும் உயிர் வரவில்லை, எடுக்க வேண்டியதாகிவிட்டது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். காலையிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். வலது பக்கம் நன்றாக இருக்கிறது, அதை வைத்தே குழந்தை பிறக்கும்.

"நல்லா கீற பொண்ண அறுத்துட்டு கத சொல்றீங்களா? கட்டி கீதுன்னு முன்னாடியே எவனாவது எங்களுக்கு சொன்னானா?" என்று மோகன் கத்தினான். கோபப்பட்டு அவனை அவள் பார்த்ததே இல்லை. அத்தனையும் அவளுக்காக. ரேணுகா கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அவங்கள விட்டுடுங்க. நான் முன்னாடி பார்த்த டாக்டரம்மா எனக்கு சொன்னாங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே, வலி வந்தா உடனே வான்னு எழுதியே குடுத்தாங்க. நான்தான் நம்பல. உங்ககிட்டயும் மறைச்சிட்டேன்."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மோகன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"வலது பக்கம் நல்லா கீதுன்றாங்களே, அதாவது மெய்யா? இல்ல அதுலயும் எதுனா கீதா?"

"மெய்தாங்க," என்றாள்.

அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து, மெய்தானா என்று நர்ஸிடம் கேட்டுவிட்டு வரப் போனான்.