மூன்றாவது தடவை அமுக்கிய பொத்தான்

எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. முதலில் வந்ததை நம்ப மாட்டார்கள், மூன்றாவது பிரதிதான் சரி என்பார்கள். அந்த வியாதியை அப்பாவின் ரத்த அழுத்தத்துக்கும் ஒட்டவைத்தவன் நான்.

அப்பா மில்லில் தறி ஓட்டி ஓய்வு பெற்றவர். ரத்தக் குழாய்கள் இறுகிவருகின்றன, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும், காலையில் பிரஷர் பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட்டிப்போவதும் எழுதுவதும் என் பொறுப்பு.

மாலையில் உப்பளம் பகுதியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைச் சாலைக்கு ஸ்கூட்டரில் போவோம். பத்தடி நடந்ததும் அப்பா சுவரில் உட்கார்ந்துவிடுவார்.

“மில்லுல எட்டு மணி நேரம் நின்னவன்டா நானு. இனிமே இன்னா நடக்கறது? அந்தாளப் பாரு, நாய் தொரத்தறாப்பல ஓடறாரு.”

“பிரஷருக்கு ஓடறாருப்பா.”

“ஓடட்டும். நீ சுண்டல் வாங்கு.”

வாங்கினேன். நடப்பவர்களைக் கிண்டல் செய்துகொண்டே தின்றோம். நான் சிறுவனாக இருந்தபோது ஷிப்டுக்குப் போய்விட்ட அப்பா இப்போதுதான் கைக்குக் கிடைத்திருந்தார். எழுப்ப மனம் வரவில்லை.

காலையில் பிரஷர் பார்க்கும் கருவி 172 காட்டும். “தப்பா காட்டுது, இன்னொரு வாட்டி அமுக்கு” என்பார். அடுத்து 160. மூன்றாவதோ நான்காவதோ 140க்கு இறங்கும். அதை மட்டும் எழுதி, பக்கத்தில் ‘நடந்தார்’ என்றும் சேர்ப்பேன். நான் எழுதியதிலேயே வாசகர் முழுதாக நம்பிய கதை அந்த நோட்டுதான்.

டாக்டர் புரட்டிப் பார்த்து, “நடை நல்லா வேலை செய்யுது. மாத்திரைய ஏத்த வேணாம்” என்றார். அப்பா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். வெளியே வந்து இருவரும் சிரித்தோம்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை அப்பாவின் வலது கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. அதை எடுக்கச் சொன்னால் கை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நோட்டை மறுபடி பார்த்தார். “எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு சார்?” என்று என்னையே கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது நிஜமாகவே நடக்கிறோம். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை. அப்பாவின் இடது கையில் ஊன்றுகோல், வலப்பக்கம் நான். பாதியில் அந்தச் சுவரைப் பார்ப்பார். “இன்னும் கொஞ்சம் போலாம்ப்பா” என்பேன். சொல்வதற்கு அவ்வளவு ஒன்றும் கஷ்டமான வாக்கியமில்லை.

இன்று காலை கருவி 158 காட்டியது. அப்பாவின் இடது கை விரல் மெதுவாகப் பொத்தானை நோக்கி நகர்ந்தது.

“இன்...னொரு வாட்டி” என்றார் குழறலாக.

நான் 158 என்று எழுதினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.