சுவரில் நின்ற கோடு

கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், தையல் மெஷினுக்குப் பின்னால் சுவரில் நீளமாக ஓடிய பழுப்புக் கோட்டைக் காட்டி மருமகள் கேட்டாள், இது என்ன கறை என்று. ஆறு உள்ளே வந்து நின்ற அடையாளம் என்றாள் மாமியார், ஊசியில் நூல் கோத்தபடியே. எவ்வளவு உயரம் வந்தது என்று மருமகள் கேட்டதற்கு, பார்த்தாலே தெரியவில்லையா, முழங்கால் அளவுதான் என்றாள். பயமாக இருக்காதா என்று அடுத்த கேள்வி.

"முழங்கால் தண்ணிக்கு என்னம்மா பயம்? மெஷினைத் தூக்கி மேசை மேல வச்சுட்டு, கட்டில்ல காலை நீட்டி உக்காந்துக்க வேண்டியதுதான்."

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோய்க் கட்டிலோடு கிடந்த மாமனார், "நான் வருஷம் பூரா அதைத்தானே செய்யறேன்" என்றார். மூவரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

மாமியாரைத் தெருவே டெய்லரம்மா என்றுதான் கூப்பிடும். கழுத்தில் இஞ்சு டேப் தொங்காமல் அவளை யாரும் பார்த்ததில்லை. சட்டை இறுக்குகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம், "துணி சுருங்கலை, நீதான் விரிஞ்சுட்டே" என்பாள். சொல்லிக்கொண்டே தையலைப் பிரித்து அப்போதே சரிசெய்தும் கொடுத்துவிடுவாள். மகன் வெளியூரில் வேலையாக இருந்தான். வீடு அவள் சொல்படி நடந்தது.

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தது. ஆறு ஏறுகிறது, எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. எதிர்வீட்டுப் பால்காரர் தன் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றார். இடம் இருக்கிறது, ஐயாவைப் படுக்கையோடு ஏற்றிவிடலாம் என்றார். டெய்லரம்மா சிரித்தாள். முழங்கால் தண்ணிக்கு மூட்டை கட்டுகிறீர்களே என்று கேலி செய்து அனுப்பிவைத்தாள். மருமகளும் வாயைத் திறக்கவில்லை. தினமும் அந்தக் கோட்டை அவளும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் ஓசையில்லாமல் நிலைப்படியைத் தாண்டி உள்ளே நுழைந்தது. பார்த்த பிறகுதான், கிளம்பலாம் என்றாள் மாமியார். வழி பார்க்க மருமகள் வாசற்படிகளில் இறங்கினாள். தெருவில் கால் வைத்ததும் இடுப்பு முங்கியது. தண்ணீர் பக்கவாட்டில் இழுத்தது. மேல்படியைப் பிடித்துக்கொண்டு திரும்பி மேலே பார்த்தாள். மாமியார் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்க முடியாது.

வீட்டுக்குள் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி முழங்காலைத் தொட்டபோது, பால்காரரும் இன்னும் சிலரும் டிராக்டர் டியூபில் பலகை கட்டி மிதக்கவிட்டபடி வந்தார்கள். மார்பளவு தண்ணீரில் பலகையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பலகையில் படுத்திருந்த மாமனார், மாப்பிள்ளை ஊர்வலம்கூட இவ்வளவு சொகுசாக இல்லை என்றார். டெய்லரம்மா தன் மார்பைத் தொட்ட தண்ணீரையே பார்த்தபடி பின்னால் நடந்தாள்.

தண்ணீர் வடிந்து வீடு திரும்பியதும், சேற்றைக் கழுவுவதற்கு முன்பே டெய்லரம்மா சுவரைப் பார்த்தாள். புதுக் கோடு பழைய கோட்டின் மேலேயே படிந்திருந்தது. டேப்பைத் தரையில் ஊன்றி அளந்தாள், முழங்கால். பிறகு படியிறங்கித் தெருவில் நின்று, வெளிச்சுவரில் இருந்த கறையை அளந்தாள், மார்பு. போன வெள்ளத்துக்குப் பிறகுதான் அவர்கள் தரையை உயர்த்திப் படி கட்டினார்கள். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது; தரைதான் மேலே வந்திருந்தது. அந்தப் பழைய வெள்ளத்தில் வீட்டுக்குள்ளேயே மார்பளவு நின்ற தண்ணீரை, தினமும் பார்த்த முழங்கால் கோடு அவள் மனதிலிருந்து துடைத்துவிட்டிருந்தது.

அன்று மாலை மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவள், தலை நிமிராமலே மருமகளைக் கூப்பிட்டாள்.

"அளவு எடுக்கறதே என் பொழப்பு. எங்கேருந்து எடுக்கறேன்னு பாக்காம விட்டுட்டேன்."

மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாலு வருஷம் போனா இதையும் மறந்துடுவேன். மறுபடியும் முழங்கால்தானேன்னு பேசுவேன். என் புத்தி எனக்குத் தெரியும். அடுத்த தடவை வண்டி வந்து சொன்னா என்னைக் கேட்டுக்கிட்டு நிக்காதே. நான் கத்தினாலும் சரி, முதல்ல உங்க மாமாவை ஏத்தி அனுப்பிடு."