எதிலும் பிரியாத ஆயிரத்து ஒன்பது

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் நடுவில் வாய் திறக்க மாட்டேன். ஆனால் ஓர் எண்ணைச் சொன்னால், அதை எத்தனை எத்தனையாக அடுக்கலாம் என்று மனசு தானாகவே போட்டுப் பார்க்கும். பெட்டி அடுக்கி அடுக்கி வந்த பழக்கம்.

போன வருஷம், நின்றுபோன ஒரு மாடலுக்கான ரப்பர் புஷ் வளையம் ஆயிரத்து ஒன்பது மிச்சமிருந்தது. அத்தனையும் வேண்டும் என்ற வாடிக்கையாளர், எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். பன்னிரண்டு பன்னிரண்டாக வைத்தோம், ஒன்று மிஞ்சியது. பதினொன்றாக வைத்தால் எட்டு மிஞ்சியது. பதிமூன்றிலும் எட்டு. மொத்தத்தையும் ஒரே பெட்டியில் கொட்டினால் தூக்க முடியாது. ஒவ்வொன்றாகப் போட ஆயிரம் பெட்டிக்கு எங்கே போவது?

சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், டிப்ளமோ படித்தவர். இவ்வளவு பெரிய நம்பர் எதிலாவது பிரியாமல் இருக்குமா, நீங்கள்தான் ஒன்றிரண்டைத் தொலைத்திருப்பீர்கள் என்றார். பேக்கிங்கில் பீஸ் காணவில்லை என்று ஷிப்ட் ரிப்போர்ட்டில் எழுதப் போவதாகவும் சொன்னார். மூன்று முறை எண்ணிய நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

டீ நேரத்தில் ஓர் அட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டில் போகவில்லை, அதனால் நாலையும் ஆறையும் தொடவில்லை. மூன்று, ஐந்து, ஏழு என்று முப்பத்தொன்று வரை வகுத்தேன். எல்லாவற்றிலும் ஏதோ மிஞ்சியது. அட்டையைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

"முப்பத்தொண்ணோட ஏன் நிறுத்திட்டீய அண்ணாச்சி? முப்பத்தேழுல போகலாம்லா?"

அவரோடு பேசிப் பழக்கமில்லை. ஆனால் பதில் தெரியும்.

"முப்பத்தேழு வச்சா பெட்டி முப்பதுக்குள்ள வந்துடும் சார். முப்பதுக்குள்ள எதுலயும் பிரியலன்னு பாத்துட்டேன். பெட்டியையும் உள்ள இருக்கறதையும் மாத்திக்கினா ஒரே கணக்குதான். முப்பத்திரண்டுக்கு மேல எதை வச்சாலும் இப்டிதான்."

அவர் போனில் எதையோ தட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பகா எண்" என்றார். அந்தப் பேரை அன்றைக்குத்தான் கேட்டேன். நான் பள்ளியை விட்ட பிறகு வரும் பாடம் போலிருக்கிறது.

"நாங்க எண்ணினது கரீக்டு. உங்க நம்பருதான் அடங்க மாட்டேங்குது சார்," என்றார் எங்களோடு வேலை செய்யும் பிள்ளைப்பாக்கத்து அக்கா.

சூப்பர்வைசர் ரிப்போர்ட் தாளைக் கிழித்துவிட்டு வாடிக்கையாளருக்குப் போன் போட்டார். எண்ணிக்கை சரி, இது எதிலும் சமமாகப் பிரியாது, எங்கள் ஆள் பார்த்துவிட்டார் என்றார். அந்தப் பக்கம், யார், இன்ஜினியரா என்று கேட்டிருக்க வேண்டும்.

"இல்ல சார். பேக்கிங் அண்ணாச்சி."

பன்னிரண்டு வீதம் எண்பத்து நாலு பெட்டி, மிச்சம் ஒன்று தனிக் கவரில் என்று ஒத்துக்கொண்டார்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும், பக்கத்தில் இருந்தவரிடம் நானாகவே பேச்சுக் கொடுத்தேன். இறங்கும் வரை நிறுத்தவில்லை.