மகள் கேட்ட அடக்கப் பாட்டு

என் வீட்டுக்காரர் பேண்டில் பேக்பைப், அதாவது காற்றுப்பையோடு சேர்ந்த குழல், வாசிப்பவர். கல்யாணத்துக்கு வாசிப்பதையும் அடக்கத்துக்கு வாசிப்பதையும் கலக்கவே கூடாது என்பார். அவர் ஆண்டவரிடம் போன பிறகுதான் எங்கள் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அவரோடு பேண்டில் வாசித்த தம்பி ஒருவர் அல்சூரில் எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்.

"அக்கா, பொண்ணு கோயிலுக்குள்ள நுழையும்போது எதை வாசிக்கட்டும்?"

மகள் முந்திக்கொண்டு ஒரு பாட்டை முணுமுணுத்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அடியே, அது அடக்கத்துல பெட்டியைத் தூக்கும்போது வாசிக்கிறது! மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே போயிடுவாங்க."

"எனக்கு அது தூங்கவைக்கிற பாட்டு, மம்மி."

உண்மைதான். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அப்பா வீட்டில் பையில்லாமல் வெறும் குழலில் அதைப் பழகுவார். காலால் அவள் தூளியை ஆட்டிக்கொண்டே ஊதுவார்.

மாதாவை வேண்டிக்கொண்டு, "அதையே வாசிங்க தம்பி" என்றேன்.

கல்யாணத்தன்று மகளின் ஒரு கையை நான் பிடித்திருந்தேன். பாட்டு கிளம்பியதும் வாசலில் நின்ற சம்பந்தியம்மா திடுக்கிட்டுப் பார்த்தார்.

"அவ அப்பாவோட தாலாட்டு" என்றேன்.

அவர் வந்து மகளின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போதும் யார் அடக்கத்திலாவது அந்தப் பாட்டு கேட்டால், இறந்தவருக்காக ஜெபிக்கிறேன். ஆனால் என் கண்ணுக்குத் தெரிவது அந்தத் தூளியும், அதை ஆட்டுகிற என் வீட்டுக்காரர் காலும்தான்.