மாப்பிள்ளைக்கு நிற்க ஓர் இடம்

ரோனியோ இயந்திரத்தில் உருட்டியெடுத்த, மை காயாத தாளுக்கு மண்ணெண்ணெயும் மருந்தும் கலந்தது போல ஒரு வாசம் உண்டு. அந்தத் தாள்கட்டை மார்போடு அணைத்தபடி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலிருந்து பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வீடு திரும்பிய நாட்களில், சமூகம் என்பது நான் வந்து ஆராயும்வரை ஓரிடத்தில் அசையாமல் காத்துக்கொண்டு நிற்கும் என்றுதான் நம்பியிருந்தேன். சமூகவியலில் முதலாம் வருடம். மீசை சரியாக முளைக்கவில்லை, கருத்துகள் முளைத்துவிட்டன.

அந்தத் தவணைக்கு விரிவுரையாளர் தந்த வேலை எனக்குப் பெரிய ஏமாற்றம். "தூரத்துக்குப் போக வேணாம். உங்கட ஒழுங்கையில இருக்கிற ஆக்கள் எங்கயிருந்து வந்தவங்க எண்டு கேட்டு எழுதுங்க" என்றார். நானோ யாரும் கால் வைக்காத தீவுகளில் ஆய்வு செய்யப் பிறந்தவன் என்று என்னைப் பற்றி முடிவெடுத்திருந்தேன். எங்கள் குறுகிய ஒழுங்கையில் என்ன இருக்கிறது? ஒரு முனையில் வாவி, மறுமுனையில் கடை, இடையில் என் காதை முறுக்கி வளர்த்த உறவுக்காரர்கள்.

முதலில் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். சித்தப்பா வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, நீங்க எப்ப இஞ்ச குடி வந்தீங்க?"

"என்னடா கேள்வி? உன்ட சின்னம்மாவ முடிச்ச அண்டைக்கு."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் என்ட அம்மாட வீட்டில ராசா மாதிரி இருந்தன்."

குசினிக்குள்ளிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது. "அந்த ராசா ஒரு சாரத்தோடதான் வந்து இறங்கினவர். அதையும் எழுது மனே."

அடுத்த வீட்டிலும் இதே கதைதான், அதற்கடுத்த வீட்டிலும் இதுதான். பெண்கள் எல்லாரும் அந்த ஒழுங்கையிலேயே பிறந்தவர்கள். ஆண்கள் எல்லாரும் வந்தவர்கள். மகளுக்குக் கலியாணமென்றால் வீடு மகளுக்கு. தாய் தகப்பன் அதே வளவுக்குள் சின்ன வீடொன்று கட்டி ஒதுங்கிக்கொள்ள, மாப்பிள்ளை தன் பெட்டியோடு வந்து சேர்வார். இதைப் பிறந்த நாள் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இருந்தும் அதற்கு முந்திய பரீட்சையில், "எமது சமூகத்தில் மணப்பெண் பிறந்தகத்தை விட்டுக் கண்ணீருடன் கணவன் இல்லம் செல்கிறாள்" என்று, எங்கோ அச்சடித்த புத்தகமொன்றைப் பாடமாக்கி எழுதி, நல்ல புள்ளியும் வாங்கியிருந்தேன். எங்கள் ஒழுங்கையிலிருந்து எந்தப் பெண்ணும் கண்ணீருடன் எங்கும் போனதில்லை. அழுதுகொண்டு வந்தவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கு மீசை இருந்திருக்கும்.

எங்கள் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். காரணம், அப்போது அங்கே நிலைமை சரியில்லை. அக்காவுக்குக் கதிரவெளியில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. அம்மாவும் அப்பாவும் ஒதுங்கப்போகும் சின்ன வீட்டுக்கு, வளவின் பின்பக்கம் கிணற்றுக்கு அருகே, அம்மா இடம் குறித்திருந்தாள். அவளுடைய தாய் தகப்பன் ஒதுங்கியதும் அங்கேதான். கல்லும் மணலும் வந்து குவிந்து கிடந்தன. ஆனால் மேசன் வரும்போதெல்லாம் அப்பா ஏதாவது சொல்லித் திருப்பியனுப்பினார். ஒரு தடவை நாள் சரியில்லை. மறு தடவை மழை வரும் போலிருந்தது, வானத்தில் ஒரு முகிலும் இல்லாத நாளில். மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி, "சொன்ன மாசத்தில நடக்குமா, இல்லாட்டி நாங்க வேற இடம் பாக்கிறதா?" என்று கேட்டுவிட்டார்கள். அக்கா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைக்கத் தொடங்கினாள். "பெத்த பிள்ளைக்கு வீட்டக் குடுக்க மனுசனுக்கு மனம் வரல்ல" என்று அம்மா பூனையிடம் சொன்னாள், அப்பாவுக்குக் கேட்கும்படியாக. அப்பா பேப்பரைப் புரட்டினார்.

இந்தச் சூழலில்தான் நான் கேள்விகள் அடித்த ரோனியோ தாளோடு அவர் முன்னால் போய் இருந்தேன். அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தவர். நிரப்ப வேண்டிய தாள் எதைக் கண்டாலும் அவருக்கு ஒரு மரியாதை வந்துவிடும். எழுந்துபோய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேளுங்க" என்றார். என் வாழ்நாளில் அவர் எனக்கு "ங்க" போட்டது அந்த ஒரு முறைதான்.

பிறந்த ஊர் மாங்கேணி, கடற்கரைக் கிராமம். வந்த காரணம் கலியாணம். தாளிலிருந்த கேள்விகள் முடிந்துவிட்டன. அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமென்று தோன்றியது.

"இந்த வீட்டுக்கு வந்த புதுசில நீங்க எங்க இருப்பீங்க?"

அப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"இருக்க எங்க இடம்? உள்ளுக்க உன்ட அம்மாட தங்கச்சிமார். குசினிப் பக்கம் பொம்புளையள். பின்னால கிணத்தடிக்குப் போனா, மாமியும் மாமாவும் அவங்கட சின்ன வீட்டு வாசல்ல இருந்து பாத்துக்கொண்டு இருப்பாங்க. ரெண்டு வாளி அள்ளி ஊத்திப்போட்டு ஓடி வந்திருவன். பின்னேரத்தில தோணியப் பாத்துட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வாவிக்கரையில போய் நிப்பன்."

"தோணி வெச்சிருந்தீங்களா?"

"எனக்கேதுடா தோணி?"

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. அம்மா பாதித் தேங்காயும் கையுமாக வாசலில் வந்து நின்றாள்.

"அப்ப தோணியே இல்லையா? மாங்கேணி மனுசன், பங்குக்குத் தோணி இருக்காக்கும் எண்டு நினைச்சு, நான் ஒரு வருசமா மீன் வரும் மீன் வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனே."

"கடையில வாங்கித் தந்தன்தானே" என்றார் அப்பா. பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இப்ப நீயும் நானும் அதே கிணத்தடியில போய்க் குந்தினா, அந்தக் கதிரவெளிப் பொடியனும் இல்லாத தோணியத்தான் பாக்கப் போவான்."

"இதை ஏன் இவ்வளவு காலமும் என்னட்டச் சொல்லல்ல?" என்றாள் அம்மா.

"உன்ட அம்மாட வீட்டில எனக்கு நிக்க இடமில்ல எண்டு உன்னட்ட எப்பிடிச் சொல்ற? நீயும் கேக்கல்லையே."

அம்மா உள்ளே போனாள். துருவும் சத்தம் மறுபடி கேட்டது, முன்னையதைவிட மெதுவாக. கொஞ்சம் கழித்து அங்கிருந்தே சொன்னாள்: "ரோட்டுப் பக்கமாக் கட்டச் சொல்லுங்க. மேசனுக்கு நாளைக்கே ஆளனுப்புங்க."

அக்கா அன்றிரவு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

பெற்றோர் வளவின் முன்னால் ஒதுங்குவதை ஒழுங்கை அதற்குமுன் கண்டதில்லை. "அரசாங்கக் கச்சேரிக்குக் காவல்காரன் போட்ட மாதிரிக் கிடக்கு" என்றாள் சின்னம்மா. சித்தப்பா மட்டும் கட்டுகிற நாட்களில் அடிக்கடி வந்து, அளவு பார்ப்பவர் போல அந்த அத்திவாரத்தைச் சுற்றி நடந்தார். கலியாணம் சொன்ன மாதத்தில் நடந்தது. அத்தான் வந்தார், கிணற்றடியில் ஆறுதலாகக் குளித்தார், சுருதி சேராமல் பாடவும் செய்தார். சில மாதங்களின் பின் ஒரு பின்னேரம், யாரும் கூப்பிடாமலே தேத்தண்ணிக் கோப்பையைக் கையிலெடுத்துக்கொண்டு முன்வீட்டுக்கு நடந்துபோய், அப்பாவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, மாங்கேணிக் கடலைப் பற்றி விசாரித்தார். அந்த ஒழுங்கையில் அப்பாவிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கதை விளக்கு வைக்கும்வரை நீண்டது. என்னுடைய ஆய்வுக்குக் கிடைத்த குறிப்பு: "தரவு போதாது. கையெழுத்தைத் திருத்தவும்."

இப்போது அந்த ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மற்றவற்றில் வங்கியிலும் கந்தோரிலும் வேலை செய்கிறவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். மகள்மார் கடல் கடந்துவிட்டார்கள். ஒதுங்குவதற்கென்று யாரும் சின்ன வீடு கட்டுவதில்லை. என் மகளும் மருமகனும் கொழும்பில் வாடகை மாடி வீட்டில். இருவருமே வந்தவர்கள், இருவருக்குமே அங்கே மாமியார் இல்லை. சமூகவியல் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும், நான் தேடிப் பார்க்கவில்லை.

போன விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மருமகன் முன்கூடத்தில் போனோடு உட்கார்ந்ததும், நான் பரம்பரை வழக்கப்படி சத்தமில்லாமல் எழுந்து முற்றத்துக்குப் போய், மாமரத்துக்குக் கீழே நுளம்புக்கடி வாங்கிக்கொண்டு நின்றேன். மருமகனுக்கு இடம் கொடுக்கிறேனாம். இரண்டாம் நாளும் நின்றேன். மூன்றாம் நாள் அவர் போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"மாமா, நான் வந்து இருந்தவுடனே எழும்பிப் போறீங்க. என்னில ஏதும் கோவமா?"

தன் மாமாவிடம் அப்படிக் கேட்க அப்பாவுக்கு ஒரு வாழ்நாள் போதவில்லை. நான் உள்ளே போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நுளம்பு கடித்த காலைச் சொறிந்தபடி, விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.